ஒனோஃப்ரே வீட்டுப் பங்கு

ஜூலை மாதம், மழை விடாத வியாழக்கிழமை

அன்புள்ள எவரிஸ்தோ அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போதும்போல அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன், வார்த்தை அம்மாவுடையது, கை நோல்ஃபாவுடையது, ஆனால் இந்த முறை அம்மா எழுதாதே என்று சொல்வதையும் எழுதப்போகிறேன். அம்மா முதலில் சொன்னது இது: மகனே, நீ அந்தக் காற்றடிக்கும் ஊரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கன்னி மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன், இங்கே நானும் நோல்ஃபாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அதைச் சொன்னபடி எழுதிவிட்டேன். உண்மை என்னவென்றால் அம்மாவுக்கு இருமல் ஈஸ்டரிலிருந்து இருக்கிறது, பாவாடையை இடுப்பில் இரண்டு சுற்று மடித்துக் கட்டுகிறாள், அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து ரொட்டிக்கு மாவு பிசைந்ததில்லை, நான்தான் பிசைகிறேன், அது கல் மாதிரி வருகிறது. இதையும் எழுதுகிறேன் என்று சொன்னதும் "ரொட்டி கல்லா வருதுன்னு எழுது, இருமலை விடு" என்றாள். உன் கடிதம் கிடைத்தது. புந்தா அரேனாஸில் இரண்டு அறை பார்த்து வைத்திருப்பதையும், அங்கே விறகு வேண்டாம் எரிவாயு அடுப்பு இருக்கிறது என்பதையும், ஜன்னலோரக் கட்டில் எனக்கு என்பதையும், பக்கத்துத் தெருவில் நூலகம் இருப்பதையும் அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன், நூலகம் வருகிற வரியை எனக்காக இன்னும் சில தடவை படித்துக்கொண்டேன். மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் குளிர் முடிந்ததும் இரண்டு பேரும் கப்பலேறி வந்துவிடுங்கள், வருகிறீர்களா இல்லையா என்று உடனே எழுதுங்கள், வீட்டுக்காரர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் அம்மா அதைக் கடைசியில் எழுதச் சொல்கிறாள், முதலில் எழுதினால் நீ மீதியைப் படிக்க மாட்டாயாம்.

இந்த வருஷத்துக் குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மழை, அப்புறம் மழை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது, தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் நாங்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதற்கே கத்த வேண்டியிருக்கிறது, அதனால் பேசாமலே இருந்துவிடுகிறோம். அம்மா ஜன்னலைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கிறாள். மூடுபனியில் கடல் தெரிவதுகூட இல்லை, தோன் ஒனோஃப்ரேயின் வீட்டுக் கூரை மட்டும்தான் கரையோரம் தெரிகிறது, மார்ச்சில் ஒரே படகில் போன அவரையும் அப்பாவையும் கடல் பிணமாகக் கரையில் ஒதுக்கிய நாளிலிருந்து அந்த வீட்டுப் புகைக்குழாயில் புகை இல்லை, கதவில் குறுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். மத்தியானம் ரேடியோவில் வெளியூர்க்காரர்களும் வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்தி வாசிக்கும்போது மட்டும் அம்மா எழுந்து சத்தத்தைக் கூட்டுவாள், உன் பெயர் வராது, முடிந்ததும் குறைத்துவிடுவாள். விறகு விஷயத்தையும் சொல்லவேண்டும். அப்பா பிப்ரவரியில் பிளந்து கொட்டகைச் சுவரோரம் அடுக்கி வைத்தாரே அந்த விறகு அப்படியே இருக்கிறது, காய்ந்து, தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வருகிறது. அம்மா அதைத் தொட விடுவதில்லை. நாங்கள் தோப்பில் விழுந்த ஈரக் கிளைகளைத்தான் எரிக்கிறோம், அது அழுதுகொண்டே எரிகிறது, வீடு முழுக்கப் புகை, சூடு இல்லை. இருமலுக்கு அதுதான் காரணம் என்று நான் சொன்னால் அம்மா என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறாள்.

நான் அம்மாவைச் சிரிக்க வைக்க எவ்வளவோ செய்து பார்த்தேன். பள்ளிக்கூட அலமாரியிலிருந்து பாலைவனத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்து அடுப்பருகே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன், வெயிலைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அம்மா நெடுநேரம் கேட்டுவிட்டு, "அங்க துணி துவைச்சுப் போட்டா எவ்வளவு நேரத்துல காயும்னு போட்டிருக்கா?" என்றாள். போடவில்லை. "அப்புறம் என்ன புஸ்தகம் அது" என்றாள். சான் ஹுவான் இரவில் நீயும் நானும் செய்வோமே, அதைப்போல அவள் கட்டிலுக்கு அடியில் மூன்று உருளைக்கிழங்கு வைத்தேன், தோல் சீவாதது ஒன்று, பாதி சீவியது ஒன்று, முழுக்கச் சீவியது ஒன்று. காலையில் பார்க்காமல் கைவிட்டு எடு என்றேன், தோல் சீவாதது வந்தால் நல்ல வருஷம் என்று அவளுக்குத் தெரியும். முழுக்கச் சீவியதுதான் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லதாப் போச்சு, சீவுற வேலை மிச்சம்" என்று பானையில் போட்டாள். அது வேடிக்கைப் பேச்சுதான் அண்ணா, ஆனால் அவள் முகம் வேடிக்கையாக இல்லை.

இதற்கிடையே ஊரில் ஒவ்வொரு வீடாகப் பன்றி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், நம் வீட்டுக்கு யோகோ, நாம் அடிக்கும்போது திருப்ப வேண்டிய கறிப் பங்கு, வந்துகொண்டே இருந்தது. என் ஞானத்தாய், அந்த உறவில் அம்மாவுக்குக் கொமாத்ரே, தோன்யா சுனில்தா வீட்டிலிருந்து விலாவும் பொரித்த கொழுப்பும் உருளைக்கிழங்கு மில்காவோ ரொட்டியும், தேவாலயத்துப் பக்கத்து வீட்டிலிருந்து தொடைக்கறி, இப்படி மூடி போட்ட சட்டிகளில், துணியில் சுற்றி, மழையில் யாராவது ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள், ஆனால் நம் பன்றியை அடிப்பதாக இல்லை. வியாபாரியின் படகு வந்தால் உயிரோடு விற்றுவிட வேண்டும், நாம்தான் போகப்போகிறோமே என்பது அவள் எண்ணம். காற்று அடித்து அடித்துத் துறைமுகத்தை மூடியே வைத்திருந்தார்கள், படகு வரவில்லை, பன்றி நம் உருளைக்கிழங்கைத் தின்று கதவு கொள்ளாமல் ஆகிவிட்டது. ஒருநாள் சுனில்தா கம்பளிப் போர்வையை உதறிக்கொண்டே உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை. "என்ன கொமாத்ரே, எங்க வீட்டு விலா உன் வயித்துக்குள்ள போய் மாசமாச்சே. உன் பன்னி என்ன, நோல்ஃபா மாதிரி படிச்சுப் பட்டம் வாங்கட்டும்னு விட்டுவெச்சிருக்கியா?" அம்மா, விற்கப்போகிறேன் என்றாள். "வித்துட்டு? ஊர் பூரா வாங்கித் தின்ன சட்டியை எல்லாம் அப்படியே வெச்சுட்டுக் கப்பலேறிடுவியா? பெலிசாரியோ போனதும் அவன் பொண்டாட்டி திருப்பாமப் போனான்னு நாங்க சொல்லிக்கிட்டுக் கிடக்கணுமா?" அம்மாவின் கன்னம் சிவந்துவிட்டது, அவ்வளவு நாளில் அவள் முகத்தில் நிறம் ஏறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சனிக்கிழமை உன் புருஷனைக் கத்தியோட அனுப்பு. எல்லாருக்கும் திருப்பிட்டுத்தான் போவேன்" என்றாள். அதனால் அண்ணா, அந்தச் சனிக்கிழமை பன்றி அடித்தது விருந்துக்காக இல்லை, விடைபெறுவதற்காக. எனக்கு அது தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமையும் மழைதான். தோன் திரான்சிதோ சுனில்தாவின் பின்னால் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பட்டிக் கதவைத் திறந்ததும் பன்றி அவர் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து ஓடியது, அவர் அதன் முதுகில் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து முள்ளங்கிப் பாத்திவரை சவாரி போய்ச் சேற்றில் விழுந்தார். பன்றியும் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே சேற்றில், ஒரே மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. சுனில்தா வாசலிலிருந்தே, "கொமாத்ரே, எந்தப் பக்கம் கத்தி வைக்கணும்னு நீயே வந்து காட்டிடு, எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியுது" என்று கத்தினாள். "முப்பது வருஷமா எம்மூஞ்சிய நீ நிமிந்து பாத்திருந்தாத்தானேடி தெரியும்" என்றார் அவர், சேற்றைத் துப்பிக்கொண்டே. அம்மா சிரித்தாள். எவரிஸ்தோ, சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தாள், இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி சிரித்தாள். அப்புறம் திடீரென்று ஏதோ தவறு செய்துவிட்டவள்போல இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன், அவள் மாவுப் பெட்டியின்மேல் கைகளை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள், "உங்கப்பா இதைப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். இதையும் எழுதாதே என்கிறாள்.

கொழுப்பு உருக்குகிற பெரிய கொப்பரையைச் சமையல் கொட்டகையில் ஏற்றியானது. ஈர விறகு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. திரான்சிதோ ஊதி ஊதிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த நெருப்புல கொழுப்பு உருகாது கொமாத்ரே, அழுகித்தான் போகும்" என்றார். சுவரோரம் அடுக்கியிருந்ததை எல்லாரும் பார்த்தோம், பார்க்காத மாதிரி இருந்தோம். அம்மா போனாள். அடுக்கின் மேல் போட்டிருந்த பழைய பாய்த்துணியை இழுத்துக் கீழே போட்டாள், ஒரு கட்டையை எடுத்து வெட்டுப்பட்ட முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், பிறகு கை நிறைய எடுத்துவந்து தானே அடுப்பில் வைத்தாள். நான் உதவப் போனேன், விடவில்லை. அந்த விறகு பிடித்தது பார் அண்ணா, கொட்டகையே வெளிச்சமாகிவிட்டது, எங்கள் உடுப்பிலிருந்து ஆவி வந்தது, மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக என் முதுகில் சூடு பட்டது. மில்காவோ தட்டிக் கொழுப்பில் போட்டோம், ஆப்பிளில் புளிக்க வைத்த சிச்சா கொண்டுவந்திருந்தார்கள், திரான்சிதோ தான் பன்றி ஏறிய கதையைத் தானே மூன்று விதமாகச் சொன்னார், மூன்றாவது விதத்தில் பன்றிதான் விழுந்திருந்தது.

பங்கு பிரிக்கும் வேலை எப்போதும் அப்பாவுடையது என்று உனக்குத் தெரியும். இந்த முறை அம்மா பிரித்தாள். மேசையில் சட்டிகளை வரிசையாக வைத்து, வீட்டுப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, யார் என்ன கொடுத்தார்களோ அதற்குச் சரியாக வெட்டி வைத்தாள், நான் மூடி, துணி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து வந்தேன். எல்லாம் முடிந்து பார்த்தால் மேசையில் ஒரு சட்டி மீதி இருந்தது. அதில் எலும்பே இல்லை, எல்லாம் மெத்தென்ற துண்டுகள், சின்னச் சின்னதாக நறுக்கியிருந்தது. இது யாருக்கு அம்மா என்று கேட்டேன். "ஒனோஃப்ரேக்குடி, அவருக்குத்தான் பல்லு..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். கத்தி கையில் அப்படியே இருந்தது.   சுனில்தா மெதுவாகக் கையை நீட்டி, "பரவால்ல, குடு கொமாத்ரே, கொப்பரையிலேயே போட்டுடலாம்" என்று சட்டியை எடுக்கப் போனாள். அம்மா அவள் கைமேல் தன் கையை வைத்து நிறுத்தினாள். ஒரு வீட்டை நினைத்து எடுத்து வைத்ததைத் திரும்பக் கொட்டக் கூடாது என்று அப்பா சொல்வாரே, அதைத்தான் சொன்னாள். பிறகு கதவு வழியே மேட்டைப் பார்த்தாள். மேலே கஸ்தோதியோவும் அவன் மனைவி மிரேயாவும் கோடையில் குடிவந்த வீட்டில் விளக்கு தெரிந்தது. "மேல இருக்கற பிள்ளைங்களுக்குக் கொண்டு போ" என்றாள். சுனில்தா அம்மாவை உற்றுப் பார்த்தாள். "அவங்க உனக்கு ஒண்ணும் தரலையே. நீ குடுத்தா அவங்க திருப்பணும். அடுத்த குளிருக்கு அந்தப் பொண்ணு சட்டியைத் தூக்கிக்கிட்டு உன்னை எங்கன்னு தேடும்?" அம்மா கத்தியை இடுப்புத் துணியில் துடைத்தாள், ஒரு பக்கம், மறுபக்கம். "இங்கதான்" என்றாள்.

நான் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன், சூடு துணியைத் தாண்டி வந்தது. மிரேயா கதவைத் திறந்தாள், வயிறு பெரிதாக இருக்கிறது, செப்டம்பரில் பிறக்குமாம், அவர்கள் வீட்டுக்குள்ளும் ஈர விறகுப் புகைதான். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கா? எங்களுக்கு யாரும்..." என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். கஸ்தோதியோ அடுப்பண்டையிலிருந்து எழுந்து வந்து, "எங்க பன்னி இன்னும் குட்டிதான் தங்கச்சி, பூனையை விடச் சின்னது. அடுத்த வருஷம் பாரு, மொத விலா உங்க வீட்டுக்குத்தான். அம்மாகிட்ட சொல்லு, மறக்க மாட்டோம்னு சொல்லு" என்றான். சரி என்றேன். நம் வீட்டின் சார்பில் நான்தான் சரி என்றேன். இறங்கும்போது பாதி வழியில் நின்றேன். கீழே தோன் ஒனோஃப்ரேயின் வீடு கறுப்பாக இருந்தது, பக்கத்தில் நம் கொட்டகையிலிருந்து அப்பாவின் விறகுப் புகை வெள்ளையாக, மழையிலும் நேராக மேலே போனது. உள்ளே யாரோ சிரித்தார்கள். உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், அதனால் எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஜன்னலோரக் கட்டிலை நினைத்தேன், அந்த நூலகத்தை நினைத்தேன், மழையில் நின்று நன்றாக அழுதுவிட்டு, முகம் எப்படியும் நனைந்துதான் இருக்கிறது என்பதால் துடைக்காமலே உள்ளே போனேன். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாரும் போன பிறகு என் தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் இருக்கேன்னு சொன்னேன். நீ இருக்கணும்னு சொன்னேனா?" என்றாள்.

இனிமேல் வருவது எல்லாம் அம்மா சொல்வது, நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. மகனே, கோபித்துக்கொள்ளாதே. நீ பார்த்து வைத்த வீட்டை விட்டுவிடாதே, மார்ச்சில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோல்ஃபா வருவாள், அந்தக் கட்டில் அவளுடையது. நான் வரவில்லை. எனக்கு இங்கே அடுத்த குளிருக்கு ஒரு சட்டி வர வேண்டியிருக்கிறது, அதைக் கதவைத் திறந்து வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். மேல்வீட்டுப் பெண்ணுக்குத் தாய் இல்லை, பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். தனியாகக் கிடப்பேன் என்று நினைக்காதே, சுனில்தா ஒருத்தி இருக்கிற இடத்தில் யாரும் தனியாக இருக்க முடியாது. உங்கள் அப்பாவின் விறகு பாதி தீர்ந்துவிட்டது, மீதியையும் எரிப்பேன், அவர் எரிக்கத்தான் பிளந்தார். அவரை அடக்கம் செய்த அன்று நீ இல்லை என்று மனதில் வைத்துக்கொண்டு அலையாதே, ரேடியோச் செய்தி உனக்குப் பிந்தித்தான் கிடைத்தது, எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு ஜோடிக் காலுறை போடு. தனியாக உட்கார்ந்து குடிக்காதே, கூட்டத்தோடு குடி, சீக்கிரம் எழுந்து வந்துவிடு. தங்கை வந்தால் ராத்திரி முழுக்கப் படிப்பாள், அதட்டி விளக்கை அணைக்கச் சொல்.

நான் மார்ச்சில் போய்விட்டால் உனக்கு யார் கடிதம் எழுதுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் ஒன்றுதான், கல்யாணப் பதிவுக்காக அப்பா சொல்லிக்கொடுத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மீதி எழுத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போ, மார்ச் வரைக்கும் மழைதானே, வேற என்ன வேலை" என்றாள். நேற்றிலிருந்து அடுப்பருகே உட்கார்ந்து எழுதிப் பழகுகிறோம். என்னைவிடப் பொறுமையாக எழுதுகிறாள், ஆனால் பென்சிலைக் கத்தி மாதிரிப் பிடிக்கிறாள்.

கன்னி மாதா உன்னைக் காற்றிலும் பனியிலும் காக்கட்டும், உன் கைக்கு வேலையும் உன் மேசைக்கு ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும் என்று அம்மா உன்னை ஆசீர்வதிக்கிறாள். காலுறை விஷயம் மறக்காதே, அளவு எழுதி அனுப்பு, சாம்பல் நிறக் கம்பளி நூற்று வைத்திருக்கிறாள். கீழே கையெழுத்து அவளே போட்டது, கோணலாக இருந்தால் என்னைச் சொல்லாதே.

உன் அம்மா
ஹெர்மிந்தா

முடிக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, இன்று காலை அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். மேலே நேற்று எழுதியதை மாற்றி எழுத வேண்டும், இடம் இல்லை. தோன் திரான்சிதோ ஊருக்கு மின்சாரம் தருகிற மோட்டாரை ராத்திரிக்கு நிறுத்திவிட்டார், விளக்கு அணைந்துவிட்டது, இதோடு முடிக்கிறேன்.